டிரம் கோர் பார்க்கப் பழகுவது எப்படி: ரசனை, மதிப்பெண், விமர்சனம்

மைதானத்தில் நடந்தும் ஓடியும் பித்தளையும் மேளமும் வாசிக்கும் அணிகளின் போட்டிதான் டிரம் கோர். அந்த நிகழ்ச்சியை முதன்முதலில் யூடியூபில் பார்ப்பவர்கள் வாய் பிளந்து உட்கார்ந்திருப்பார்கள். இல்லையென்றால் "இத்தனை பேர் ஏன் ஓடிக்கொண்டே ஊதுகிறார்கள்?" என்று கேட்பார்கள். இரண்டும் நல்ல தொடக்கம்தான். சிக்கல் கொஞ்சம் தள்ளி வரும். மனதுக்குப் பிடித்துப்போன அணி ஐந்தாம் இடத்தில் நிற்பதைப் பட்டியலில் பார்த்ததும் நடுவர்கள் மேல் கோபம் வரும். இல்லாவிட்டால் முதலிடம் வந்த அணியைப் பிடிக்கவில்லை என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். பழைய ரசிகர்கள் பேசிக்கொள்வதில் பாதி புரியாது. அந்த இடத்தில் நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அமெரிக்காவில் பிள்ளை பள்ளி மார்ச்சிங் பேண்டில் சேர்ந்ததால் இந்த உலகத்துக்குள் இழுத்து வரப்பட்ட பெற்றோர்களும் இதில் அடக்கம்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிரம் கோர்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு, எல்லோரும் டிசிஐ என்பார்கள், 1971-இல் தொடங்கியது. முதல் சாம்பியன்ஷிப் 1972-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் ஒயிட்வாட்டரில் நடந்தது. அனஹைம் கிங்ஸ்மென் வென்றது. 2009-இலிருந்து இறுதிப்போட்டிக்கு இண்டியானாபொலிஸ் நகரின் லூகாஸ் ஆயில் ஸ்டேடியம்தான் வீடு. ஒரு அணியில் இப்போது 165 பேர் வரை இருக்கலாம், வயது வரம்பு 22. புல்லாங்குழல், கிளாரினெட் எதுவும் கிடையாது. பித்தளை ஊதுகருவிகள், தாளக்கருவிகள், அப்புறம் கொடி, மரத்துப்பாக்கி, வாள் ஆகியவற்றைச் சுழற்றி ஆடும் கலர் கார்டு. அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் பதினொன்று, பன்னிரண்டு நிமிட ஷோ. கோடை முழுக்க ஒரே ஷோவை ஊர் ஊராகப் போய் நடத்துவார்கள். ஒவ்வொரு இரவும் மதிப்பெண் வரும்.

முதல் படி: மதிப்பெண் தெரியாமல் ஒரு தடவை

ஒரு ஷோவைத் தேர்ந்தெடுத்ததும் அது எத்தனையாவது இடம் என்று தேடாதீர்கள். தெரிந்துவிட்டால் காது தானாகவே அந்த எண்ணுக்கு ஏற்பக் கேட்கத் தொடங்கிவிடும். பன்னிரண்டாம் இடம் என்று தெரிந்த அணியிடம் பிழையைத் தேடுவோம், முதலிடம் என்று தெரிந்த அணியிடம் மேதைமையைத் தேடுவோம்.

காணொளிகளில் இரண்டு வகை உண்டு. மைதானம் முழுவதையும் உயரத்திலிருந்து அசையாமல் காட்டுவது ஒன்று. பல கேமராக்களில் எடுத்து, முகம், கை, மேளம் என்று வெட்டி ஒட்டியது இன்னொன்று. இரண்டாவதுதான் பார்க்கப் பரபரப்பாக இருக்கும். ஆனால் அதில் எங்கே பார்க்க வேண்டும் என்பதை வேறொருவர் முடிவு செய்துவிடுகிறார். நூற்றைம்பது பேர் சேர்ந்து ஒரு வட்டத்தைச் சதுரமாக மாற்றும் நேரத்தில் திரையில் ஒரு டிரம்பெட்காரரின் வியர்வை தெரியும். எனவே முதல் தடவை உயரக் கேமராதான்.

கையில் ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். எந்த நிமிடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள், எந்த நிமிடத்தில் கை போனைத் தேடியது, இவ்வளவு போதும். போனைத் தேடிய இடத்தைக் கட்டாயம் எழுதுங்கள். பிறகு விமர்சனம் என்று எதையாவது சொல்ல வரும்போது அந்தக் குறிப்புதான் கைகொடுக்கும்.

இரண்டாம் படி: நீங்கள் எந்தக் கட்சி?

தாளைப் பார்த்தால் தெரிந்துவிடும். நிமிர்ந்து உட்கார்ந்த இடங்கள் எல்லாம் மேளம் வாசிக்கும் இடங்களா, பித்தளை முழங்கும் இடங்களா, உருவங்கள் மாறும் இடங்களா, கலர் கார்டு ஆடும் இடங்களா? ஒவ்வொரு ரசிகருக்கும் ஒரு சாய்வு இருக்கும். நான் மேளக் கட்சி. கர்நாடகக் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதி சபை கேன்டீனுக்கு எழுந்து போகும். டிரம் கோரில் நேர்மாறு, ஷோவுக்கு முன்னால் வாகன நிறுத்துமிடத்தில் மேளக்காரர்கள் கை சூடேற்றிக்கொள்வதைக் கேட்கவே ஒரு கூட்டம் மணிக்கணக்கில் நிற்கும். அந்தக் கூட்டத்தில்தான் நானும் நிற்பேன்.

சாய்வு இருப்பதில் தவறில்லை. அது இருப்பது தெரியாமல் பேசும்போதுதான் வம்பு. நல்ல ஸ்னேர் (படபடவென ஒலிக்கும் சிறிய மேளம்) வரிசை உள்ள அணியை நான் எப்போதும் அரை இடமாவது தூக்கிப் பிடிப்பேன். இது எனக்குத் தெரியும் என்பதால் வாயைத் திறக்கும் முன் அந்த அரை இடத்தைக் கழித்துவிட்டுப் பேசப் பார்ப்பேன். எப்போதும் முடிவதில்லை.

மூன்றாம் படி: எதிர்க்கட்சிக் கண்ணோடு இரண்டாம் தடவை

இப்போது உங்களுக்கு ஆர்வமில்லாத பகுதியை மட்டும் பாருங்கள்.

பித்தளையைக் கேட்க வேண்டுமென்றால் சத்தமான இடங்களை விட்டுவிடுங்கள். எழுபது எண்பது பேர் ஒன்றாக முழங்கினால் எந்த அணியும் கம்பீரமாகத்தான் கேட்கும். மெதுவாக, மென்மையாக ஊதும் இடத்தில், அதுவும் பின்பக்கமாக நடந்துகொண்டே ஊதும்போது சுருதி நிற்கிறதா என்று கேளுங்கள். அணியின் தரம் அங்கேதான் தெரியும்.

மேளத்தில், ஸ்னேர் வரிசை ஒரே ஆள் வாசிப்பதுபோல் கேட்கிறதா என்பது எல்லோரும் கவனிப்பது. பேஸ் டிரம்களையும் கவனியுங்கள். வேறு வேறு அளவில் சுருதி சேர்த்த மேளங்கள் அவை. ஒரு வேகமான சொற்கட்டை ஐந்து பேர் ஆளுக்கு ஒரு தட்டாகப் பிரித்து வாசிப்பார்கள். ஒருவர் இம்மியளவு பிந்தினாலும் அந்த ஓட்டம் நொண்டும். மைதானத்தின் முன்விளிம்பில் அசையாமல் நிற்கும் மரிம்பா, வைப்ரஃபோன் குழுவுக்குப் பிட் என்று பெயர்.

கலர் கார்டில் வீசிய துப்பாக்கியைப் பிடிக்கும் கணத்தை எல்லோரும் பார்ப்பார்கள். பிடித்த பின் அடுத்த இரண்டு நொடியைப் பாருங்கள். பாத்திரத்திலேயே நிற்கிறார்களா, அல்லது "அப்பாடா, பிடித்துவிட்டேன்" என்று முகம் தளர்கிறதா?

நடையமைப்புக்கு ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்து ஷோ முழுக்க அவரையே பின்தொடருங்கள். உயரத்திலிருந்து பார்க்கும்போது மெதுவாக விரியும் ஒரு வளைவுக்காக ஓரத்தில் இருப்பவர் எவ்வளவு நீளமாக எட்டு வைக்க வேண்டியிருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். இந்தப் பயிற்சிக்கு 2000-களின் தொடக்கத்துக் கேவலியர்ஸ் அணியின் ஷோக்களைச் சொல்வேன். 2000-இல் கூட்டு வெற்றி, அப்புறம் 2001, 2002, 2004, 2006 என்று அவர்கள் கொடிகட்டிப் பறந்த காலம். வடிவங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வெளிவருவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மைதானத்தின் அகலம் ஏறக்குறைய 49 மீட்டர். ஒலி அந்தத் தூரத்தைக் கடக்க 0.14 நொடி ஆகும். நிமிடத்துக்கு 180 தட்டு வேகத்தில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடைவெளியே 0.33 நொடிதான். பின்கோட்டில் இருப்பவரும் முன்கோட்டில் இருப்பவரும் ஒரே கணத்தில் வாசித்தாலும் உங்கள் காதுக்கு அரைத் தட்டுக்குப் பக்கமாக விலகிக் கேட்கும் என்று பொருள். அதனால்தான் பிட் குழு பெரும்பாலும் கையசைத்து அணியை நடத்தும் டிரம் மேஜரின் கையைப் பார்க்காமல் பின்னாலிருந்து வரும் மேளத்தைக் கேட்டு வாசிக்கிறது. எல்லாம் சேர்ந்து நடு அரங்கில், மேல் வரிசையில் ஒன்றாக வந்து விழும்படி பயிற்சி எடுத்திருப்பார்கள். நீங்கள் ஓரத்தில் உட்கார்ந்து போனில் எடுத்த காணொளியை வைத்து "தாளம் கிழிகிறது" என்று சொன்னால், கிழிவது உங்கள் இருக்கையாகவும் இருக்கலாம்.

நான்காம் படி: மதிப்பெண் தாளைப் படிக்கப் பழகுங்கள்

சரி, இப்போது எண்களைப் பார்க்கலாம். மொத்தம் 100. அதில் 40 பொது விளைவுக்கு. ரசிகர்கள் ஜிஇ என்பார்கள். இதைத் தலா 20 மதிப்பெண் கொண்ட இரண்டு பிரிவுகளாகப் போடுவார்கள். மீதியில் 30 காட்சிக்கு, 30 இசைக்கு. காட்சியில் மூன்று பிரிவு: நடைத் தேர்ச்சி, காட்சி அலசல், கலர் கார்டு. இசையிலும் மூன்று: பித்தளை, இசை அலசல், தாளம். இந்த ஆறுக்கும் தலா 20 போடுவார்கள், ஆனால் கூட்டிப் பாதியாக்கித்தான் மொத்தத்தில் சேரும். 60 வந்து 30 ஆகிவிடும்.

இந்தப் பாதியாக்குதல் தெரியாததால்தான் பாதிச் சண்டை நடக்கிறது. ஒரு கற்பனைக் கணக்கு: முதல் அணி தாளத்தில் இரண்டாம் அணியைவிட 0.4 அதிகம் வாங்குகிறது. பெரிய இடைவெளிதான், ஆனால் மொத்தத்தில் அது 0.2 மட்டுமே. இரண்டாம் அணி ஜிஇயின் இரண்டு பிரிவிலும் தலா 0.15 அதிகம் வாங்குகிறது. அது பாதியாகாது, 0.3 அப்படியே சேரும். மற்ற எல்லாம் சமம் என்றால் இரண்டாம் அணி 0.1 வித்தியாசத்தில் ஜெயிக்கும். "அந்த மேள வரிசையை வைத்துக்கொண்டு எப்படித் தோற்றார்கள்?" என்று என்னைப்போன்ற மேளக் கட்சிக்காரர்கள் புலம்புவதற்கு விடை இதில் இருக்கிறது. தாளப் பிரிவு மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு.

ஒவ்வொரு 20-க்குள்ளும் இரண்டு பத்து உண்டு. பித்தளை, தாளம் போன்ற பிரிவுகளில் ஒரு பத்து, எழுதிக் கொடுத்ததன் கனத்துக்கு. இன்னொரு பத்து, அதை எவ்வளவு சாதித்தார்கள் என்பதற்கு. எளிதானதைச் சுத்தமாக வாசித்தால் இரண்டாவது பத்தில் ஏறலாம், முதலாவதில் ஏற முடியாது. "ஒரு பிழைகூட இல்லையே, ஏன் கீழே?" என்று கேட்பவர்கள் இந்த முதல் பத்தைப் பார்க்க வேண்டும்.

முன்பு இப்படி இல்லை. 1984-க்கு முன் நடுவர்கள் பிழையை எண்ணிக் கழிப்பார்கள், ஒரு பிழைக்கு 0.1. அந்தக் கழித்தலுக்கு டிக் என்று பெயர். முறை போய் நாற்பது ஆண்டு ஆனபின்னும் ரசிகர்கள் சின்னப் பிசகை டிக் என்றுதான் சொல்கிறார்கள். அந்த மனநிலையும் பலரிடம் போகவில்லை. பிழையை எண்ணுவதே விமர்சனம் என்று நினைப்பவர்களை இன்றும் பார்க்கலாம்.

இன்னொன்று. நடுவர் போடும் எண் அந்த இரவுக்கு உரியது. அவர் அணிகளை வரிசைப்படுத்த வேண்டும், அடுத்து வரப்போகும் அணிக்கு இடமும் விட்டுவைக்க வேண்டும். ஒரே அணி செவ்வாய்க்கிழமை ஓர் ஊரில் 88, புதன்கிழமை வேறு நடுவர்களிடம் 87.5 வாங்கினால் இறங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரே இரவில், ஒரே நடுவர் இரண்டு அணிகளுக்குக் கொடுத்த எண்களுக்கு இடையே உள்ள தூரத்தை மட்டும் நம்புங்கள்.

மொத்த மதிப்பெண்ணோடு நின்றுவிடாதீர்கள். பிரிவுவாரியான பட்டியலை ரீகேப் என்பார்கள், தேடினால் கிடைக்கும். உங்களுக்குப் பிடித்த அணி எந்தப் பிரிவில் விழுந்தது என்று பாருங்கள். நீங்கள் போனைத் தேடிய நிமிடங்களுக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறதா? சில சமயம் ஆச்சரியமாக ஒத்துப்போகும். ஒத்துப்போகாவிட்டால் இன்னும் சுவாரசியம். எண் என்ன சொன்னாலும் உங்கள் ரசனையை அதற்காகத் திருத்திக்கொள்ள வேண்டியதில்லை. "எனக்குப் பிடிக்கவில்லை" என்பது ஒரு வாக்கியம், "மோசமான ஷோ" என்பது வேறு வாக்கியம். முதலாவதற்கு நீங்களே சாட்சி. இரண்டாவதற்கு வெளியிலிருந்து ஆதாரம் வேண்டும்.

ஐந்தாம் படி: பழைய சண்டைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

ரசனையும் மதிப்பெண்ணும் மோதிக்கொண்ட சில ஷோக்களை அறியாமல் இந்தக் கூட்டத்தில் பேச்சில் கலந்துகொள்ள முடியாது. எனக்கு முக்கியமாகப் படுவது 1993.

ஸ்டார் ஆஃப் இண்டியானா 1985-இல் முதன்முதலாக மைதானத்துக்கு வந்த அணி. 1991-இல் பட்டம் வென்றது. 1993-இல் பார்பர், பார்டோக் என்ற இரு இசையமைப்பாளர்களின் இசையை எடுத்துக்கொண்டார்கள். முணுமுணுக்கும்படி மெட்டு இல்லை. கைதட்ட இடம் விடவில்லை. உடை எளிமை. உருவங்கள் கூர்மையாக, உடலசைவுகள் விறைப்பாக. சில மைதானங்களில் ரசிகர்கள் கூச்சலிட்டு வெறுப்பைக் காட்டினார்கள். இறுதியில் கேடட்ஸ் 97.4, ஸ்டார் 97.3. அந்தச் சீசனோடு ஸ்டார் போட்டியை விட்டே விலகியது. அதே அமைப்பு பிறகு மேடை நிகழ்ச்சிக்குப் போய், பிளாஸ்ட் என்ற பெயரில் 1999-இல் லண்டனிலும் 2001-இல் நியூயார்க்கின் பிராட்வேயிலும் ஏறி, நாடகத்துக்கான டோனி விருதும் வாங்கியது. இன்று அந்த 1993 ஷோவைப் பற்றிப் பேசினால் பலரும் காலத்துக்கு முந்தியது என்பார்கள். கூச்சலிட்டவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை!

அதற்காக அன்று பிடிக்கவில்லை என்றவர்களை முட்டாள்கள் என்று சொல்லமாட்டேன். கோடை இரவில், காசு கொடுத்து வந்து, ஒரு மெட்டாவது வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று உட்கார்ந்திருந்தவருக்கு அந்த ஷோ எதையும் தரவில்லை என்பது உண்மைதான். அதே இரவில் வென்ற கேடட்ஸ் ஷோவையும் பார்த்துவிட்டு உங்கள் வாக்கைச் சொல்லுங்கள்.

2008-இல் நேர்மாறான கதை. ஃபாண்டம் ரெஜிமென்ட் ஸ்பார்டகஸ் கதையை எடுத்துக்கொண்டது. அடிமை எழுச்சி, சண்டை, பழிவாங்கல், எல்லாம் மைதானத்திலேயே நடித்துக் காட்டினார்கள். கடைசியில் "நான்தான் ஸ்பார்டகஸ்" என்று அணியினர் கத்த, அரங்கமும் சேர்ந்து கத்தியது. ஃபாண்டம் 98.125, ப்ளூ டெவில்ஸ் 98.100. வித்தியாசம் 0.025. ரசிகர்களின் ஆரவாரம்தான் அந்த 0.025-ஐத் தந்தது என்று ஒரு கூட்டம் இன்றும் நம்புகிறது, நிரூபிக்க வழியில்லை. எனக்கு அந்த ஷோவில் சில இடங்கள் கொஞ்சம் அதிகப்படியான நாடகமாகத் தோன்றும். ஆனாலும் கடைசி இரண்டு நிமிடத்தில் ஒவ்வொரு முறையும் தோற்றுப்போகிறேன்.

ப்ளூ டெவில்ஸ் பற்றியும் சொல்லியாக வேண்டும். கலிபோர்னியாவின் கான்கார்ட் அணி, 2023 வரை 21 பட்டம். 2014-இல் 99.65 வாங்கியது, டிசிஐ வரலாற்றிலேயே மிக உயர்ந்த மதிப்பெண். இவ்வளவு ஜெயிக்கும் அணியை எல்லோருக்கும் பிடிக்குமா? 2012-இல் டாடா (Dada) என்ற ஐரோப்பியக் கலை இயக்கத்தை மையமாக வைத்து ஒரு ஷோ செய்து பட்டம் வென்றார்கள். பாதி ரசிகர்கள் "என்னதான் நடக்கிறது?" என்று தலையைச் சொறிந்தார்கள். அர்த்தத்தை உடைப்பதுதான் அந்த இயக்கத்தின் வேலையே என்று மறுபாதி பதில் சொன்னது. நான் முதல் பாதியில் இருக்கிறேன். பார்க்கப் பார்க்கத் திறமை தெரிகிறது, மனதில் ஒட்டவில்லை.

விதி மாற்றங்களைச் சுற்றிய சண்டைகள் வேறு. 2000-க்கு முன் எல்லா ஊதுகருவியும் ஜி சுருதியில் அமைந்த பியூகிள் என்ற பித்தளைக் கொம்புதான். 2000-இல் அது தளர்ந்தது. 2004-இல் பிட் குழுவுக்கு ஒலிபெருக்கி வந்தது. 2009-இல் சிந்தசைசர், பதிவுசெய்த ஒலி. 2014-இல் டிராம்போன் உட்பட எல்லாப் பித்தளைக்கும் அனுமதி. ஒலிபெருக்கி வந்த கையோடு பேச்சும் வந்தது. 2006, 2007-இல் கேடட்ஸ் ஷோக்களில் இருந்த பேச்சு பல ரசிகர்களுக்கு எரிச்சலூட்டியது. பழைய ரசிகர் ஒருவர் "இதெல்லாம் டிரம் கோரே இல்லை" என்றால் எந்த வருடத்து விதியை மனதில் வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர் வாசித்த அல்லது முதலில் பார்த்த வருடமாக இருக்கும்.

அவர்கள் சொல்வதில் விஷயமும் உண்டு. சிந்தசைசரின் அடிக்குரல் அதிரும்போது டியூபாக்கள் உண்மையில் எவ்வளவு ஊதுகிறார்கள் என்று கேட்கவே முடிவதில்லை. உழைப்பவர் மேல் போர்வை போர்த்துவதுபோல எனக்கும் தோன்றும். இது ரசனையா குறையா? எந்த ஷோவில், எந்த இடத்தில் என்று சொன்னால் குறை. எல்லா மின்னொலியும் வேண்டாம் என்றால் ரசனை. ப்ளூகோட்ஸ் 2014-இல் பித்தளையும் மின்னொலியும் சேர்ந்து சுருதியை வழுக்கிச் சாய்த்த இடத்தைக் கேட்டுவிட்டு, எல்லாவற்றையும் வேண்டாம் என்று சொல்ல மனம் வருகிறதா பாருங்கள்.

ஆறாம் படி: கருத்தை எழுதுவது

பாதிப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். "ப்ளூ டெவில்ஸ் போர். எப்பவும் ஒரே மாதிரி." இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? "உனக்கென்ன தெரியும்" என்பதுதான் வரும். அதையே இப்படி எழுதலாம்: "தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் அழகு. ஆனால் ஒரு யோசனை பதினாறு எண்ணிக்கைக்கு மேல் நிற்பதில்லை. கைதட்டக் கை எடுப்பதற்குள் அடுத்ததுக்குப் போய்விடுகிறார்கள்." இதற்குப் பதில் சொல்லலாம். அந்த அடர்த்திக்குத்தான் முதல் பத்தில் மதிப்பெண் கிடைக்கிறது என்று ஒருவர் வாதாடலாம். இரண்டு பேரும் ஷோவைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

நான் கடைப்பிடிக்கும் வரிசை இது: எந்த இடம், அங்கே என்ன நடந்தது, எனக்கு என்ன ஆனது, அதற்குக் காரணம் அமைப்பா வாசிப்பா. நான்கையும் சொல்ல இரண்டு மூன்று வாக்கியம் போதும். கடைசிக் கேள்வியில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். ஒரு மெதுவான பகுதி இழுவையாக இருந்தால் அது எழுதியவர் நீட்டியதாலா, ஊதியவர்கள் ஒலியை வளர்த்துக்கொண்டு போகாததாலா? சோதிக்க எளிய வழி, அதே ஷோவை ஜூலைத் தொடக்கத்திலும் ஆகஸ்டிலும் பார்ப்பது. ஆகஸ்டில் சரியாகியிருந்தால் பெரும்பாலும் வாசிப்பு. அதே இழுவை ஆகஸ்டிலும் இருந்தால் எழுத்து.

ஜூன் கடைசியில் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள். அப்போது பல ஷோக்களுக்கு முடிவே சேர்த்திருக்கமாட்டார்கள், முழு உடையும் வந்திருக்காது. 70-களில் தொடங்கும் நல்ல அணிகள் ஆகஸ்டில் 90-ஐத் தாண்டும். சீசனுக்கு நடுவில் பாட்டையே மாற்றுவதும் உண்டு.

பாராட்டுக்கும் இதே வரிசைதான். "செம, புல்லரித்தது" என்பதில் தப்பில்லை, ஆனால் எந்த இடத்தில் என்று சேர்த்துச் சொன்னால் படிப்பவர் போய்ப் பார்ப்பார்.

யாரைச் சொல்கிறோம்?

இதைப் படியாகக்கூடச் சொல்ல வேண்டாம், விதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாட்டைத் தேர்ந்தெடுத்தவர், நடையை வரைந்தவர், உடையைத் தைக்கச் சொன்னவர், எல்லோரும் சம்பளம் வாங்கும் பெரியவர்கள். அவர்களின் முடிவுகளைத் தாராளமாக விமர்சிக்கலாம். ஊதுபவரும் அடிப்பவரும் ஆடுபவரும் பதின்வயதினர், இருபதைத் தொட்டவர்கள். சம்பளம் கிடையாது, பல ஆயிரம் டாலர் கட்டணம் கட்டிச் சேர்ந்தவர்கள். கோடை முழுவதும் இரவில் பேருந்தில் தூங்கி, மீதியைப் பள்ளி உடற்பயிற்சிக்கூடத் தரையில் தூங்கி முடிப்பவர்கள். துப்பாக்கியைத் தவறவிட்ட பெண்ணின் காணொளியை வெட்டி எடுத்துச் சிரிப்புப் படம் போடுவது விமர்சனமில்லை. உருவத்தில் ஒரு ஓட்டை தெரிந்தால் யாரோ காயப்பட்டு ஓரமாக உட்கார்ந்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அதுதான்.

அணிகளின் ஆட்கள் ஆண்டுதோறும் மாறுகிறார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. 22 தாண்டினால் வெளியே. பத்து வருடத்துக்கு முன் பிடிக்காமல் போன அணியில் அன்று இருந்த ஒருவர்கூட இப்போது இல்லை. பட்டத்தின் வரிசையும் அசைந்துகொண்டுதான் இருக்கிறது. 1940-இல் தொடங்கிய பாஸ்டன் க்ரூசேடர்ஸ் தன் முதல் டிசிஐ பட்டத்தை 2025-இல்தான் வென்றது.

நேரில் போவதானால்

முன்வரிசை டிக்கெட் வாங்காதீர்கள். மேலே, நடுவில் உட்காருங்கள். மைதானத்தின் நடுவிலுள்ள 50 கெஜக் கோட்டுக்கு இருபுறமும் 35 கெஜக் கோடு வரை நல்ல இடம். சிறிய ஊர்ப் போட்டிகளில் டிக்கெட் மலிவு, திறந்த மைதானம், ஒலியும் சுத்தம். இண்டியானாபொலிஸில் கூரை மூடிய அரங்கம் எதிரொலிக்கும், ஆனால் இறுதி வாரத்தின் பரபரப்பு வேறெங்கும் கிடைக்காது. வியாழன் தகுதிச்சுற்று, வெள்ளி அரையிறுதி, சனி பன்னிரண்டு அணிகளின் இறுதி. எல்லா அணிகளையும் பார்க்க வேண்டுமென்றால் வியாழன்தான் நாள். சீக்கிரம் போய் வாகன நிறுத்துமிடத்தில் மேளம் கேளுங்கள் என்று நான் சொல்லாமல் இருக்க முடியாது.

வீட்டிலிருந்தே தொடங்குபவர்களுக்கு ஜோடி ஜோடியாகப் பார்க்கச் சொல்வேன். 1993-இல் கேடட்ஸ், ஸ்டார் ஆஃப் இண்டியானா. 2008-இல் ஃபாண்டம் ரெஜிமென்ட், ப்ளூ டெவில்ஸ். 2014-இல் ப்ளூ டெவில்ஸ், இரண்டாம் இடம் வந்த ப்ளூகோட்ஸ். ஒவ்வொரு ஜோடிக்கும் எது உங்களுக்குப் பிடித்தது, எது சிறந்தது என்று நினைக்கிறீர்கள் என்று இரண்டு தனித்தனி விடையாக எழுதிவையுங்கள். மூன்று ஜோடியிலும் இரண்டு விடையும் ஒரே அணியாகவே வந்தால் 2016 ப்ளூகோட்ஸைப் போடுங்கள். ஒஹாயோவின் கான்டனைச் சேர்ந்த அந்த அணிக்கு அது முதல் பட்டம். தொப்பி இல்லை, பழைய இராணுவ உடை இல்லை, சரிவு மேடைகளில் ஏறிச் சறுக்கி இறங்குகிறார்கள். அந்த ஒரு ஷோவுக்கும் இரண்டு விடை எழுதுங்கள், மதிப்பெண்ணைப் பிறகு பாருங்கள்.